கடல் ஏறும் நேரம்

அந்தக் காட்டுப் பாதை ஒன்றும் கடினமானதல்ல. மூச்சு வாங்க வைக்கும் மேடு ஒன்றிரண்டு இருக்கும், அவ்வளவுதான். வட்டப் பாதை. வண்டி நிறுத்துமிடத்தைத் தாண்டிக் கொஞ்சம் நடந்தால் இரண்டாகப் பிரியும். ஒன்று மரங்களுக்குள் மேலேறும். மற்றது பாறைக் கரையை ஒட்டிப் போகும். இரண்டும் மணற்கரையில் போய்ச் சேரும். நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கமாகப் போய் அங்கே சந்திப்போம். அவன் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து அப்படித்தான். யார் முதலில் என்று போட்டி. நான் வேண்டுமென்றே தோற்பேன்.

அம்மா இறந்தபோது அவனுக்குப் பால்பற்கள் விழுந்துகொண்டிருந்தன. நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கப் போனேன். இன்றும் அங்கேதான். எனக்கும் கல்யாணப் பேச்சு வந்தது; நான்தான் வேண்டாம் என்றேன். குறையாகச் சொல்லவில்லை. அவன் லிஃப்ட் மெக்கானிக் ஆனான். சாயங்காலம் கையெல்லாம் கிரீஸோடு வருவான். குழாயடியில் நின்று கையை நீட்டுவான், நான் சோப்பு வைப்பேன். எனக்கு அது போதும். அவன் கட்டிக்கொள்ள இருந்த நர்ஸை நான் வெறுக்கவில்லை. நல்ல பெண். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று நடக்கத் தொடங்கியதும்தான் சொன்னான்.

"கல்யாணம் முடிஞ்சதும் அவ ஊருக்கே போயிடலாம்னு இருக்கேன்க்கா. வேலையும் பேசியாச்சு."

"சரி, நானும் வர்றேன். ஒரு மூலையில கிடந்துட்டுப் போறேன்."

"வேணாங்க்கா."

"அவளுக்கு நைட் டியூட்டி இருக்குமேடா. உனக்கு யாரு பொங்கிப் போடுவா?"

அவன் சிரித்தான். "ஊருக்கெல்லாம் கண்ணு தெரியணும்னு கண்ணாடி தேய்க்கிற. நான் வளந்துட்டேங்கிறது மட்டும் உன் கண்ணுக்குத் தெரிய மாட்டேங்குது. இனிமேலாவது உனக்குன்னு கொஞ்சம் வாழுக்கா."

நல்ல மனதோடுதான் சொன்னான். அவளிடம் ஃபோனில் பேச அவன் பின்தங்கினான். நான் முன்னால் நடந்தேன்.

கடல் ஏறும் நேரத்தில் வனக்காவலர் கரை வழி முங்கிவிடும் என்பதால் அதன் தொடக்கத்தில் 'போகாதே' என்ற சிவப்புப் பலகையைக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போவார். அன்று மாட்டியிருந்தது. அதைக் கழற்றிப் புதருக்குள் வைத்தேன். எறியவில்லை, வைத்தேன்.

தம்பி வந்ததும், "நீ கரைப் பக்கம் போ, நான் மேல வழியா வர்றேன்," என்றேன்.

"இன்னைக்காவது ஜெயிக்கப் பாரு," என்று கையசைத்துவிட்டுப் போனான்.

அவன் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. கொஞ்சம் பயப்படட்டும். என்னைக் கூப்பிடட்டும். நான் இறங்கிப் போய்க் கைகொடுப்பேன். அக்கா இல்லாமல் முடியாது என்று புரிந்துகொள்வான். அதற்குப் பிறகு ஊரை விட்டுப் போகிற பேச்சே வராது. இவ்வளவுதான் என் எண்ணம்.

மேட்டில் ஓரிடத்தில் மரங்கள் விலகும். அங்கிருந்து பார்த்தேன். முன்னாலும் பின்னாலும் தண்ணீர் சூழ்ந்துவிட, ஒரு பாறைமேல் நின்றுகொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும், "அக்கா!" என்று கூப்பிட்டான். அந்தக் குரலைக் கேட்டு எத்தனையோ வருடங்கள் ஆகியிருந்தன. இறங்கத்தான் காலெடுத்து வைத்தேன். இன்னொரு முறை கூப்பிடட்டும் என்று நின்றுவிட்டேன்.

அவன் கூப்பிடவில்லை. பாறையை ஒட்டிய சரிவில் தொங்கிய வேர்களைப் பிடித்து ஏறத் தொடங்கினான். லிஃப்ட் குழிக்குள் தொங்கி வேலை செய்கிறவனுக்கு அது ஓர் ஏற்றமே இல்லை. கொஞ்ச நேரத்தில் மேலே வந்து, கையைத் தட்டிக்கொண்டு என் முன்னால் நின்றிருப்பான். அப்புறம் எனக்கு என்ன மிச்சம், நீங்களே சொல்லுங்கள்.

"ஏறாதடா, வேர் அறுந்துடும்! அங்கேயே நில்லு, நான் வர்றேன்," என்று கத்தினேன்.

பாறைக்குத் திரும்பிவிட்டான். நான் போகவில்லை.

வேரைப் பிடித்து ஏறியிருக்கலாமே, ஏன் ஏறவில்லை என்று வனக்காவலர் கேட்டார். நீங்களும் அதையேதான் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். நான் ஏறாதே என்றேன், அதனால் ஏறவில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்தபோதும் ஏறவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்தப் பெண் சொல்லியிருந்தால் அப்படி நின்றிருப்பானா? அவளிடமே கேட்டுப் பாருங்கள்.