பதினேழாம் நம்பர் பீர்

ஹலோ... ஹலோ, யாரு?... பிப்பா! நூறு ஆயுசுடி உனக்கு, இப்பதான் நினைச்சேன்... இரு, ஸ்பீக்கர்ல போட்டுக்கறேன். கையில டை இருக்கு... டைதான், நீலம். ராத்திரி விழாவுக்குக் கட்டிப் பார்க்கறேன்... காலையிலயேதான். அப்பாவுக்கு என்ன தினமுமா தங்க மூக்கு விருது குடுக்கறாங்க? நம்ம மோட்டுவேகா ஊர்ல வீட்டு பீர் காய்ச்சறவங்க சங்கம் ஆரம்பிச்சதுலேர்ந்து இதை வாங்கற மூணாவது ஆள் நான். மூணாவது!... ஆமா, மரத்துல செஞ்சதுதான். மேல தங்கப் பெயிண்ட். அதுக்கு என்ன இப்ப? தலைமை நடுவர்னா சும்மாவா?

சரி, பேச்சு எழுதியிருக்கேன், கேளு. "ஹாப் பூவின் வாசனையே பீரின் ஆன்மா. நடுவரின் மூக்கே அந்த ஆன்மாவின் வாசல். அந்த வாசலிலே இருபது ஆண்டுகளாய் நான் ஒரு காவலனாய்..." எப்படி?... நெவில் கேட்டுட்டு அப்படியே வாயடைச்சுப் போயிட்டான். தலைவரே வாயடைச்சுப் போனா பார்த்துக்கோ... ஹலோ? இருக்கியா?... ஆர்லோ தூங்கறானா? பேரன் தூங்கட்டும், நீ பேசலாமே.

என்ன இரைச்சல் அது?... காரா? எங்க போறீங்க இந்நேரத்துக்கு?... முர்ச்சிசனா? அது கிரைஸ்ட்சர்ச் போற வழியாச்சே. ஏன்டி, ராத்திரிக்கு முன்வரிசையில உனக்கும் ஹேமிக்கும் நாற்காலி போடச் சொல்லியிருக்கேன். மாப்பிள்ளைக்கு லீவு இல்லையா?... இருக்கா? அப்புறம் என்ன?

பதினேழு... என்ன பதினேழு?... ஓ, நேத்துப் போட்டியில வந்த பதினேழா! அது உன் காதுக்கும் வந்துடுச்சா? ஊரே அதைத்தான் சொல்லிச் சொல்லிச் சிரிக்குது. முழுசாக் கேட்டியா? மைக்கைப் பிடிச்சேன், "இதைக் காய்ச்சினவர் ஹாப் தோட்டத்துப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுத்ததில்ல. பாத்திரம் கழுவின தண்ணிக்கு இதைவிட வாசனை உண்டு"ன்னேன். மண்டபமே குலுங்கிடுச்சு. நெவிலுக்குப் புரை ஏறி... நீ இருந்தியா? எங்க?... பின்னாடியா? குழந்தையோடயா? என்கிட்ட வரவே இல்லையே...

யாரோடது?

திரும்பச் சொல்லு, சரியாக் கேக்கல.

...உன்னோடதா.

கண்ணு, எங்களுக்குப் பேரு தெரியாது. நம்பர் மட்டும்தான் வரும். கோப்பையில ஊத்திக் கொண்டுவந்து வைப்பாங்க, பாட்டிலைக்கூடக் கண்ணுல காட்டமாட்டாங்க. அதான் விதி. அந்த விதியே நான் எழுதினது... எந்தப் பூ?... எந்த வேலி?... என் கொடியா? பின்வேலியில நான் நட்ட ஹாப் கொடியா?... எப்பப் பறிச்ச?... மார்ச்சுல, நான் நெல்சன் போயிருந்தப்பவா? நான் பறவை தின்னுடுச்சுன்னு நினைச்சேன்டி...

ஆமா. சொல்லியிருக்கேன். ஆமா, கண்ணைக் கட்டி ஆயிரம் கோப்பைக்கு நடுவுல நிறுத்தினாலும் என் கொடிப் பூவை மோந்தே கண்டுபிடிச்சுடுவேன்னு... சொல்லியிருக்கேன். உன் கல்யாணத்துலயும் சொன்னேன், ஆமா. மாப்பிள்ளையைப் பத்தி நாலு வார்த்தை பேசச் சொன்னா கொடியைப் பத்திப் பேசினேன். தெரியும். தெரியும்...

அதுக்காகவா? நான் மோந்த உடனே துள்ளிக் குதிச்சு, "இது என் கொடி, இது யாரோடது"ன்னு கத்துவேன்னா... நீ கையைத் தூக்கலாம்னு பின்னாடி நின்னியா... ஆர்லோவையும் தூக்கிட்டு... ஐயோ.

இல்ல, இல்ல. வேணும்னே செய்யல. சத்தியமா இல்ல... அது எப்பவோ சொன்னது! "பொம்மைச் சட்டியில காய்ச்சறா"ன்னு சொன்னது விளையாட்டுக்குத்தானே... பொறாமையா? பெத்த பொண்ணு மேலயா?... இதோ பாரு, அந்தக் கோப்பை பிளாஸ்டிக். பிளாஸ்டிக்ல எந்த வாசனையும் ஏறாது. மண்டபத்துல வேற குளிர். பீர் குளிர்ந்துபோனா வாசனை அடியில... சரி, அதை விடு. க்வெண்டாவும் நடுவர்தானே? அவளும் முகத்தைச் சுளிச்சாளே! நான் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேனே. கோப்பையைத் தூக்கினா, மூக்கு இப்படிக் கோணுச்சு... என்னது?

தும்மலா?

அவகிட்டக் கேட்டியா?... தும்மல் வந்து அடக்கினாளா... அப்படின்னா அவ பதினேழுக்கு எவ்வளவு...? முழு மார்க்கா.

பிப்பா, வைக்காத. வைக்காதடி, உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன். ஹேமிகிட்டச் சொல்லி காரை ஓரமா நிறுத்து. அந்த ஊரைத் தாண்டிட்டா மலைக்குள்ள சிக்னல் கிடையாது... ஒரே ஒரு விஷயம். சொல்லிடறேன், அப்புறம் நீ வைச்சுக்கோ... நிறுத்தியாச்சா?

எனக்கு வாசனை தெரியாது.

தெரியாதுன்னா, சுத்தமாத் தெரியாது. போன குளிர்காலத்துல ஒரு காய்ச்சல் வந்துச்சே, பத்து நாள் படுத்தேனே, அதோட போச்சு. காய்ச்சல் போச்சு, மூக்கு வரல... சாக்கு சொல்லலடி! சாக்குன்னா இதைவிட நல்லதா ஒண்ணு எனக்குக் கிடைக்காதா? இப்ப அஞ்சு நிமிஷமா பிளாஸ்டிக்கு, குளிரு, தும்மல்னு அளந்தேனே, அதெல்லாம்தான் சாக்கு. இது இல்ல... டாக்டர் ஒருத்தருக்குத்தான் தெரியும். வந்தாலும் வரும், வராமலும் போகும்னு சொன்னாரு. அதைச் சொல்றதுக்கு எதுக்கு டாக்டர்?

எப்படிச் சமாளிச்சேனா? க்வெண்டா முதல்ல பேசுவா. அவ "எலுமிச்சை"ன்னா நான் "மழையில நனைஞ்ச எலுமிச்சைத் தோல்"னு சொல்வேன். அவ "பேஷன் பழம்"னா நான் "பழுத்து, கையில வெடிக்கப்போற பேஷன் பழம்"னு. ஜனங்க, அடடா, என்ன நுணுக்கம்னு கை தட்டுவாங்க. உண்மையைச் சொல்லட்டுமா? மூக்கு இருந்தப்போ எனக்கு இவ்வளவு பேரே கிடையாதுடி... நேத்து நெவில், தங்க மூக்கு வாங்கப் போறவர்தான் முதல்ல பேசணும்னு மரியாதை பண்ணிட்டான். பாவி. பதினாறு வரைக்கும் எல்லாத்தையும் புகழ்ந்துட்டேன். எல்லாத்தையும் புகழ்ந்தா சந்தேகம் வரும், நடுவுல ஒண்ணைத் திட்டணும். எதைத் திட்டறதுன்னு க்வெண்டா மூஞ்சியைப் பார்த்தேன். அவ சுளிச்சா. அது உன் தலையில விழுந்துச்சு.

யார்கிட்டச் சொல்ல? பாடறவனுக்குக் காது போச்சுன்னா ஊரு உச்சுக் கொட்டும். பீர் மோந்து பார்க்கறவனுக்கு மூக்கு போச்சுன்னா ஊரு விழுந்து விழுந்து சிரிக்கும். உங்க அம்மா அந்த பிளெனிம் ஊரு ஒயின்காரனோட போனப்பவே சிரிச்ச ஊருதானே... என்கிட்ட வேற என்னடி இருக்கு? இந்த ஒரு மூக்குதான் இருந்துச்சு.

மார்ச்சுல அறுவடை நடந்துச்சே, தெருவுல போற கார்க்காரனெல்லாம் வாசனைக்காக ஜன்னலை இறக்கிவிட்டுக்கிட்டு மெதுவாப் போவான். நான் ஹாப் காயவைக்கிற கொட்டகைக்கே போனேன். உள்ள. அந்தச் சூட்டுக்கு நடுவுல, பூக்குவியலுக்குள்ள தலையை விட்டேன். வேலை செய்யற பையங்க, "என்ன சார், சொர்க்கமா?"ன்னாங்க. "சொர்க்கம்தான்"னு சொல்லிட்டு வெளிய வந்து வண்டியில உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

நம்ப முடியலையா... கிறிஸ்துமஸுக்கு ஆர்லோவை என் மடியில போட்டியே, ஞாபகம் இருக்கா? தலையை மோந்துட்டு, "பால் வாசனை, அப்படியே பிப்பா குழந்தையில இருந்த மாதிரி"ன்னு சொன்னேன். உனக்குக்கூடக் கண்ணு கலங்குச்சு. அது பொய். எனக்கு ஒரு தலை தெரிஞ்சுது, கொஞ்சம் முடி தெரிஞ்சுது. அவ்வளவுதான்... அப்புறம் அவன் மடியிலயே ஆய் போயிட்டான். நான் பாட்டுக்கு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் மூக்கைப் பொத்திக்கிட்டு, "தாத்தா பாசத்தைப் பாரு"ன்னு சிரிச்சீங்க... பாசம்தான்டி. ஆனா அதுக்காக உட்காரல.

திட்டணும்னா திட்டு... என்ன சத்தமா? என் பக்கமா?... ஆமா, என்னமோ கூவுது. வெளிய ஏதாவது வண்டி... வீட்டுக்குள்ளயா?... ஐயோ! அடுப்பு! இரு, இரு, போனை வைச்சுடாத, அப்படியே இரு...

...ஹலோ? இருக்கியா?... ஒண்ணும் ஆகல. சாசேஜ். வாணலியில போட்டதை மறந்து... கரிக்கட்டை. புகை அலாரம்தான் கத்துச்சு, துண்டால விசிறி நிறுத்திட்டேன். ஜன்னலெல்லாம் திறந்தாச்சு... இல்ல, பக்கத்துலதான் இருந்தேன். அடுப்புக்கு முதுகைக் காட்டிட்டு, கண்ணாடியில டையைப் பார்த்துக்கிட்டு... எவ்வளவு நேரமா எரியுதுன்னு தெரியல. இப்பவும் கண்ணு எரியுது, அதனாலதான் புகைன்னு தெரியுது... நீ அங்கேர்ந்து கேட்டுச் சொன்ன. அத்தனை தூரத்துலேர்ந்து.

அழாதடி... நீ ஏன் மன்னிப்புக் கேக்கற, அசடு? மைக்கைப் பிடிச்சு ஆட்டம் போட்டது நான்... இல்ல, ராத்திரி போறேன். போய்ச் சொல்லிடறேன். எந்த மைக்குல உன்னைச் சொன்னேனோ அதே மைக்குல. மூக்கறுபடறதுக்கு மூக்கு இருந்தாத்தானே? நெவிலுக்கு மறுபடியும் புரை ஏறட்டும்... சிரிக்கறியா? சிரி. கொஞ்சம் சிரி.

என்னது? எங்க?... என் ஃப்ரிஜ்ஜுலயா? எப்ப வச்ச?... வெள்ளிக்கிழமையேவா. இரு, பார்க்கறேன்... பீட்ரூட் ஜாடிக்குப் பின்னாடி... ஆமா. பச்சை மூடி பாட்டில். இதான் பதினேழா?... ஜெயிச்சிருந்தா ராத்திரி ரெண்டு பேரும் சேர்ந்து... சரி. சரி கண்ணு. திறக்கறேன்.

ஊத்திட்டேன். நுரை நல்லா நிக்குது. நிறம் காய்ஞ்ச வைக்கோல் மாதிரி, லேசாக் கலங்கலா, அதுவே ஒரு... சரி, நிறத்தை விட்டுட்டேன். மோந்து பார்க்கறேன்.

ம்... ஆமா, லேசா எலுமிச்சை... பின்னாடி ஒரு... இல்ல. பொய். வாய்க்குப் பழகிடுச்சுடி. ஒண்ணும் வரல. பக்கெட் தண்ணிக்குள்ள எட்டிப் பார்க்கற மாதிரி இருக்கு. ஜில்லுனு இருக்கு, அவ்வளவுதான்.

நீ சொல்லேன்... நீ சொல்லு. கோப்பையை மூக்குக்கிட்டயே வச்சுக்கறேன், எடுக்கமாட்டேன். அதுல என்ன இருக்குன்னு நீ சொல்லு... சொல்லத் தெரியாட்டி என்ன? எனக்கும்தான் தெரியாது, இருபது வருஷம் சொல்லலையா?

ம்... ம்... முதல்ல எலுமிச்சைத் தோல். சரி. அப்புறம்?... பேஷன் பழமா?... பழமே வேண்டாமா, சரி... உன் ஸ்கூல் ஸ்வெட்டரா?... ஆமா, பச்சை. வேலியில ஏறி, கொடியோட சேர்ந்து விழுந்தியே, அன்னிக்கா... ம்... பூவெல்லாம் கையில நசுங்கி, மஞ்சளா, பிசுபிசுன்னு... சோப்புப் போட்டும் போகலையா... ம்... நீ அழுதியா? கொடி ஒடிஞ்சுடுச்சு, நான் அடிப்பேன்னா?... அடிச்சேனா?... இல்லையா. நல்லவேளை... இல்லடி, அழல, புகை... சொல்லு, சொல்லு... நான் உன் கையை எடுத்து... ம்... என் மூக்குக்கிட்ட வச்சு... ரொம்ப நேரம் வச்சிருந்தேனா... வச்சுக்கிட்டு என்ன சொன்னேன்?... மறந்துடுச்சு கண்ணு, நீ சொல்லு. என்ன சொன்னேன் அன்னிக்கு?

பிப்பா?... கார் கிளம்பிடுச்சா?... மலை வந்துடுச்சா, விட்டு விட்டுக் கேக்குது... பிப்பா?

ஹலோ?... கோப்பையை நான் எடுக்கலடி. மூக்குக்கிட்டதான் இருக்கு. என்ன சொன்னேன்?...

ஹலோ?...