அண்ணன் பங்கு

இல்ல தம்பி, அந்த நடுச்சுவருக்கும் சேர்த்தே லைட் போட்டுடுங்க. ஒண்ணுமில்லாத சுவருக்கு எதுக்குன்னு கேக்கறீங்க, நியாயந்தான். இங்க மேனேஜரம்மாவும் அதையேதான் கேக்குது. நாளைக்குக் காலையில கண்காட்சி திறக்கறாங்க, அதுக்குள்ள நான் இதுல வரையலேன்னா வேற யாரோட படத்தையாவது மாட்டிடுவேன்னு சொல்லிட்டுப் போயிருக்கு.

பாத்து, ஏணி ஆடுது. அப்படியே திரும்பிப் பாருங்க. இடது பக்கச் சுவர்ல ஒரு பொண்ணு, காணாமப்போன ஆத்தைத் தேடிக் கிளம்பறா. வலது பக்கம் அந்த ஆத்தையே கைக்குழந்தை மாதிரி இடுப்புல தூக்கிக்கிட்டு வர்றா. ஏன் சிரிக்கறாளா? ஆறு கிச்சுக்கிச்சு மூட்டுதுல்ல! ரெண்டும் நான் வரைஞ்சது. நடுவுல அவளுக்கு ஆறு எப்படிக் கிடைச்சுதுங்கறது எங்க அண்ணன் பங்கு.

ஆமா, பங்குதான். எங்க மலைச்சனத்துக்கு வீடு வாசல், நிலம் நீச்செல்லாம் கிடையாது. கதைதான் சொத்து. அதைத்தான் பிள்ளைங்களுக்குப் பாகம் பிரிச்சுக் குடுப்பாங்க. எங்கம்மா இந்தக் கதையில தலையும் வாலும் எனக்குக் குடுத்துச்சு, வயித்தைத் தூக்கி அண்ணனுக்குக் குடுத்துடுச்சு. இருக்கறதுலயே ருசியான இடம் அது. ஆம்பளப்பிள்ளைன்னா தனிப் பாசந்தானே, போகட்டும்.

அவன் சொல்ல ஆரம்பிச்சா இழு இழுன்னு இழுப்பான். நடுவுல இருமுவான், தண்ணி கேப்பான். ஒருநாள் ஆத்தை முழுங்கினது கரடிம்பான், இன்னொரு நாள் தவளைம்பான். நான் என் வாலைப் பிடிச்சுக்கிட்டு, கொட்டாவி விட்டுக்கிட்டு உக்காந்திருப்பேன்.

அவன் பங்கு எனக்குத் தெரியாம என்ன, தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனா அடுத்தவங்க பங்கை நாம சொல்லக் கூடாது, வரையவும் கூடாது. மேனேஜரம்மாகிட்டயும் இதைச் சொன்னேன். ஆஹா, என்ன கற்பனைன்னு தோள்ல தட்டிட்டுப் போயிடுச்சு. தங்கியிருக்கற ரூம்லயும் பேச ஆளில்ல. சுவரோட எவ்வளவு நேரம் பேசறது? நீங்க வந்தீங்க, பிடிச்சுக்கிட்டேன். கோவிச்சுக்காதீங்க.

என்னது, அண்ணனையே வந்து வரையச் சொல்லலாமேங்கறீங்களா? அப்படித்தான் பேசி வச்சிருந்தோம். பிரஷ்ஷெல்லாம் எனக்குப் பிடிக்கத் தெரியாது, விரலாலதான் வரைவேன்னான். நீ காலாலகூட வரை, வந்து சேருன்னேன்.

போன வாரம் அடக்கம் பண்ணிட்டு வந்தோம். சாதாரணக் காய்ச்சல்னுதான் நினைச்சோம். ஆள் போயிட்டா பங்கு கூடப்பிறந்தவங்களுக்கு வந்துடும், அதுவும் எங்க வழக்கந்தான். இனிமே வயிறும் உனக்குத்தான், வரைஞ்சுக்கோன்னு அண்ணியே சொல்லிடுச்சு. தடையெல்லாம் ஒண்ணுமில்ல. தினம் வர்ணத்தைக் கலக்கறேன், கலக்கி அப்படியே காய விட்டுடறேன். நான் அதை வரைஞ்சுட்டா, அவன் இல்லேன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்ல தம்பி?