ஃபேர்ம்லின்னா உறுதியா

…அதத்தான் சொல்றேன் லாபிர் சேர், ஒரு மனுஷன் முடியாதுன்னா முடியாதுதானே? எங்க கந்தோர்ல பெரிய ஆபீசர் மாத்தயாவுக்கு அது வெளங்கல்ல. பல்லேகமைக்கு மாறிப் போக விருப்பமான்னு கேட்டு கடிதம் குடுத்தாரு. விருப்பமில்லன்னு எழுதிக் குடுத்தேன். "சந்தோஷம் இராஜசிங்கம், ஒண்ணாந் தேதி போங்க"ங்கிறாரு.

பேக்க மடியில வச்சிக்கிட்டு கொஞ்சம் தள்ளி உக்காருங்க சேர்… ஆ, சரி. பஸ்ஸுல இடமே இல்ல.

சிங்களத்துல எழுதியிருக்கலாமேன்னு கேப்பீங்க. எழுதினா அவருக்கும் வெளங்கும், எனக்கும் வெளங்கும். அப்புறம் அதுல என்ன மரியாதை? அதான் இங்லிஷ். மக சாம்பவி எழுதித் தந்தா. "ஐ ஆம் நாட் வில்லிங்." அவ்வளவுதான். மொட்டையா இருந்திச்சி சேர். முப்பது வருஷம் வேல செஞ்சவன் எழுதுற கடிதமா அது? டிக்‌ஷனரிய பொரட்டினேன். ஃபேர்ம்லி. பேமிலி இல்ல சேர், ஃபேர்ம்லி. உறுதியாகன்னு போட்டிருந்திச்சி. எடுத்து நடுவுல ஆணி மாதிரி அடிச்சேன். "ஐ ஆம் நாட் ஃபேர்ம்லி வில்லிங்." உறுதியா விருப்பமில்ல. சரிதானே?

மாத்தயா என்னா சொல்றாரு தெரியுமா? "உறுதியான விருப்பந்தான் இல்ல, லேசான விருப்பம் இருக்குதானே"ங்கிறாரு. இப்பிடியும் வாசிப்பாங்களா சேர்? வீட்டுக்காரி மங்கையற்கரசியும் அவரு பக்கந்தான். "மக எழுதினத அப்பிடியே குடுத்தா என்ன? சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி"ங்கிறா. அவளுக்கு முழங்கால் வருத்தம், படி ஏற ஏலாது. எனக்கு ரிட்டயராக இன்னும் ரெண்டே வருஷம். அவள விட்டுட்டு மலைக்கு அந்தப் பக்கம் போய் தனியா சோறாக்கணுமாம். உண்மையச் சொன்னா பயமா இருக்கு சேர்.

ஆனா நான் விடல்ல. அப்பீலுக்கு இன்னைக்கித்தான் கடைசி நாள், குடுத்திட்டுத்தான் வாறேன். மகளுக்குக் காட்டவே இல்ல, நானே எழுதினேன். ஃபேர்ம்லிய தொடல்ல, அதவிட இறுக்கமான சொல்லு. ஹார்ட்னா கடினம். அப்ப ஹார்ட்லின்னா கடுமையா. "ஐ ஹார்ட்லி ரிஃபியூஸ்." கடுமையா மறுக்கிறேன்.

என்ன சேர், மொகம் ஒரு மாதிரி போகுது? நீங்க இங்லிஷ் படிச்சிக் குடுக்கிறவரு, சொல்லுங்க… கடுமையா இல்லியா? … அப்ப? … நான் மறுக்கிறதே அபூர்வம்னு அர்த்தமா? … நானே கையெழுத்தும் வச்சிக் குடுத்திருக்கேனே…

எங்க சேர் எழும்புறீங்க? ஒங்க எடம் தூரமாச்சே, பஸ் இன்னும் அலுவிகாரைக்கே வரல்லியே… இருங்க சேர். பல்லேகமையில வாடகைக்கு ரூம் குடுக்கிற யாரையாவது தெரியுமா?