றப்பர் மரத்துக்கு வருத்தம்

ஏரம்பு: பூரணம்... உவளின்ரை றப்பர் மரம் திரும்பவும் இலை கொட்டியிருக்கு. வந்து அள்ளு.

பூரணம்: ஏன், நீங்கள் அள்ளினாக் கை தேஞ்சு போடுமோ?

ஏரம்பு: பூக்காது, காய்க்காது. ஆட்டுக்குப் போட்டாலும் மோந்து பாத்திட்டு அங்காலை போகும். உதைப்போய் ஆராவது கடையிலை வாங்குவினமே?

பூரணம்: உங்கடை மகள் வாங்கினவள்.

ஏரம்பு: ஆற்றை மகள்?

பூரணம்: ஓமோம். சோதனை பாஸ் பண்ணேக்கை உங்கடை மகள். குருநகர் வேதக்காரப் பெடியனைக் கட்டினாப் பிறகு என்ரை மகள்.

ஏரம்பு: இந்த வீட்டிலை அவளின்ரை பேரைச் சொல்லாதை.

பூரணம்: பிரசாந்தி எண்டு நான் இன்னும் சொல்லவே இல்லையே.

ஏரம்பு: போனவள் உதையும் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். மனிசர் இருக்கிற ஹோலுக்குள்ளை ஆளுயரத்துக்கு ஒரு மரம். இலையைப் பார்... பாதி பச்சை, பாதி வெள்ளை. சுண்ணாம்பு அடிக்கேக்கை சிந்தின மாதிரி.

பூரணம்: அதுதானாம் வடிவு. முழுப் பச்சையா ஒரு கொப்பு வந்தா வெட்டிப்போட வேணுமாம்.

ஏரம்பு: பச்சையா வந்தா வெட்டுறதோ? நல்ல கமம்.

பூரணம்: வெள்ளை இலைக்கு வெளிச்சம் காணாதெண்டு வாற நேரமெல்லாம் சாடியை வேறை திருப்பித் திருப்பி வைக்கிறாள்.

ஏரம்பு: திருப்பி வைக்க உதென்ன, வீதி சுத்துற சாமியோ? என்ரை வெங்காயத் தோட்டத்திலை ஒருநாள் குனிஞ்சவளே? ஞாயித்துக்கிழமையெண்டா உவளைக் கட்டின ஜெரிசன் சேர்ச்சிலை பூசைக்குப் போறான், இவள் ஈரச்சீலையும் கொண்டு இஞ்சை வந்து இலை துடைக்கிறாள். குருநகரிலை துடைக்க ஒண்டும் இல்லையாக்கும்.

பூரணம்: அவள் படலையைத் திறக்க முந்தி நீங்கள் வீட்டுக்குப் பின்னாலை கோடிப்பக்கம் போய் ஒளிச்சிடுறியள். இலை துடைக்கிறது எப்பிடித் தெரியும்?

ஏரம்பு: ...யன்னல் திறந்து கிடந்தது.

பூரணம்: ஓம்... யன்னல்.

ஏரம்பு: உதைக் கொண்டு துலையச் சொல்லன். பிறகேன் கிழமைக்குக் கிழமை வாறாள்?

பூரணம்: வருத்தக்கார மரத்தை இடம் மாத்தினா மிச்ச இலையும் கொட்டிப்போடுமாம். சுகமாகட்டும், கொண்டுபோறன் எண்டவள். போன கிழமை செக்கச்செவேலெண்டு ஒரு குருத்து விட்டிருந்தது. அதைக் கண்டிட்டு என்ன புளுகம் அவளுக்கு, முகமெல்லாம் சிரிப்பு. வாற ஞாயிறு வாகனம் பிடிச்சுக்கொண்டு வாறனம்மா எண்டிட்டுப் போனாள்.

ஏரம்பு: கேட்டது, கேட்டது. ஏத்திக்கொண்டு போகட்டும். பீடை விட்டுது.

பூரணம்: ஏத்த அதிலை என்ன கிடக்கு? குருத்தும் கறுத்துப்போச்சு. இஞ்சை வந்து மணந்து பாருங்கோ... மண் நாறுது.

ஏரம்பு: உந்தச் சாடி மரங்களைப் பற்றி எனக்கென்ன தெரியும்?

பூரணம்: தெரியாதுதானே. தண்ணி கூடினா வெங்காயம் அழுகிப்போடும் எண்டு ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கிற ஆளுக்கு இது தெரியாது.

ஏரம்பு: இப்ப என்ன சொல்ல வாறாய்?

பூரணம்: இண்டைக்கு விடிய, கிணத்தடியிலை இருந்து செம்போடை வந்தது ஆர்?

ஏரம்பு: நான்தான். கால் கழுவ.

பூரணம்: ஹோலுக்குள்ளையோ கால் கழுவுறது?

ஏரம்பு: உதை விடு. இலையை அள்ளு.

பூரணம்: மகளிலை கோவமெண்டா மகளோடை சண்டை பிடியுங்கோ. வாயில்லாத மரத்திலை போய்... நீங்களும் ஒரு ஆம்பிளை. ஞாயித்துக்கிழமை வந்து பாத்தாளெண்டா அவளின்ரை முகம் எப்பிடிப் போகும்? செத்த மரத்தைப் பாக்கப் பிறகும் வருவாளே?

ஏரம்பு: ஆர் சாகடிச்சது? சாகிற அளவுக்கு நான் ஊத்தேல்லை. ஒரு செம்பு... நாளுக்கு ஒரு செம்புதான்.

பூரணம்: அப்ப இண்டைக்கு மட்டும் இல்லை.

ஏரம்பு: வருத்தம் முழுசா மாறாமல் நிண்டாக் காணும் எண்டுதான்...

பூரணம்: ஏன்? அது சுகமாகினா உங்களுக்கு என்ன?

ஏரம்பு: ஏனெண்டு கேக்கிறாய்... சுகமாகினா ஏத்திக்கொண்டு போடுவாளடி. பிறகு உந்தப் படலையைத் திறந்து வர அவளுக்கு இஞ்சை என்ன கிடக்கு? வந்தாத்தானே... கோடியிலை நிண்டு குரலையெண்டாலும் கேக்கலாம்.

பூரணம்: ஒரு செம்புதானோ ஊத்தினனீங்கள்?

ஏரம்பு: ஓம். ஏன் சாடியையே பாத்துக்கொண்டு நிக்கிறாய்? நான் அளவறிஞ்சுதான் ஊத்தினனான். நாப்பது வருசம் மண்ணோடை நிண்டவன். ஒரு செம்புத் தண்ணிக்கு இவ்வளவு பெரிய மரத்தின்ரை வேர் அழுகாது. இது எப்பிடி அழுகினதெண்டுதான் எனக்கு விளங்கேல்லை...

பூரணம்: காலமையிலை நீங்கள் ஊத்துறது தெரிஞ்சிருந்தா, பின்னேரத்திலை நானும் அதுக்கெண்டே ஒரு செம்பு ஊத்தியிருக்க மாட்டனப்பா.