பெருமாள் மாடிக்குப் போனார்

ஸ்ரீரங்கத்திலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் டவுன் பஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு டீச்சர்கள்.

"எங்காத்துல பெருமாளும் மாமனாரும் இப்ப ஒரே ரூம்" என்றார் ஜன்னலோரம் இருந்தவர்.

பக்கத்திலிருந்த இன்னொரு டீச்சர் டிபன் பையை மடியில் இறக்கினார். "ஏங்க?"

"மாமனாரால மாடிப்படி இறங்க முடியலை. கீழ படுத்துக்கோங்கோன்னா மாட்டேங்கறார். மாடி ஜன்னல்லதான் கோபுரம் தெரியுமாம். சரி, அங்கயே பாத்ரூம் கட்டலாம்னு பார்த்தா, பழைய ஆத்து மாடி, மரத்தரை."

"டைல்ஸ், தண்ணி பாரமெல்லாம் தாங்குமா?"

"ஆசாரி அடியில புதுசா ரெண்டு தேக்கு உத்தரம் கொடுத்துட்டார். இப்ப குதிச்சாக்கூட அசையலை. ஆனா உத்தரத்தை ஏத்தறச்சேதான் எங்களுக்கு உறைச்சுது, நேர் கீழ பெருமாள் உள், பூஜை ரூம்."

"சாமி தலைக்கு மேல குளிக்கிறது ஆகாதுங்களே."

"அதான் பெருமாளை மாமனார் ரூமுக்கே ஏளப்பண்ணிட்டோம். தினம் சமைச்ச தளிகையை மேல தூக்கிண்டு போறது என் வேலை."

"உங்களுக்குத்தான் சிரமம்."

பஸ் காவிரிப் பாலத்தில் ஊர்ந்தது.

"என்ன சிரமம். நான் போறச்சே ரெண்டு பேரும் தீர்த்தமாடிட்டு, கோபுரத்தைப் பார்த்துண்டு, எனக்காகக் காத்துண்டிருக்கா."