மைனஸ் இருபது

எழும்பாதேங்கோ தம்பி, எங்கை எழும்புறீங்கள்? லோஞ்சு ஜெட்டியை விட்டுக் கழண்டிட்டுது. இனி மூதூர் மட்டும் நீங்களும் நானும் இந்தப் பலகையும் தான். கொட்டியாரக் குடாவிலை இறங்கி நடக்கிறதெண்டால் நான் மறிக்கேல்லை.

ஓம், பிரசாந்தினியின்ர அம்மா தான். போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூண்டு மணிக்கு, அவளை வேலைக்கு இன்ரர்வியூ எடுக்கேக்கை, ஸ்கிரீனிலை இடப்பக்க மூலையிலை இருந்த முகம் உங்கட தானே? மற்ற ரெண்டு பேரும் கமராவை மூடிப்போட்டு இருந்தவை. நீங்கள் ஒராள் தான் முகம் காட்டினது. முகம் காட்டினவர் தான் பேச்சும் வாங்க வேணும், என்ன செய்யிறது.

எப்பிடிக் கண்டுபிடிச்சனானோ? எங்கட பக்கத்து வீட்டிலை சுஹைரா ரீச்சர் இருக்கிறா, பள்ளிக்கூடத்திலை கம்பியூட்டர் படிப்பிக்கிறவ. உங்கட உம்மாவுக்கு ஏதோ சொந்தமாம். றுமைஸ் கொழும்புக் கொம்பனியிலை பெரிய ஆள், மாசத்திலை முதல் சனி லோஞ்சிலை வீட்டை போவார் எண்டு அவ தான் சொன்னவ. அதுக்காக நான் உங்களுக்கெண்டே வெளிக்கிட்டு வந்தனான் எண்டு பெருமைப்படவும் வேண்டாம். கட்டைபறிச்சானிலை என்ர அக்கா இருக்கிறா. அவவின்ர பேத்தி பெரியபிள்ளையாகி, போன மாசம் சாமத்திய வீடு. அங்கை ஒரு சாமான் குடுக்க வேணும். ரெண்டு அலுவலையும் ஒரு ரிக்கற்றிலை முடிக்கிறன், அவ்வளவு தான்.

வேலை இல்லையெண்டு நீங்கள் அனுப்பின கடிதம் எனக்கு மனப்பாடம். கொன்வென்ற்றிலை சிஸ்ரர்மார் கடிதம் எழுத மட்டும் படிப்பிக்கேல்லை, மற்றவை எழுதினதை வாசிக்கவும் படிப்பிச்சவை. முதலாவது என்ன எழுதியிருக்கிறீங்கள்? புரோகிராம் சரியான விடை தருது, ஆனால் ஆமை வேகம். ரெண்டாவது, நெருக்கடியிலை முடிவெடுக்கத் தெரியாத பிள்ளை. கடைசியிலை, எதிர்காலம் சிறக்க வாழ்த்துக்கள். ஆளைக் கிடங்கிலை தள்ளிப்போட்டுப் பூ எறியிற மாதிரி.

இருங்கோ, முதலாவதுக்கு வாறன்.

துறைமுகத்துக்கு வாற பெட்டிகளின்ர பட்டியல் ஒண்டு, ரெண்டு லட்சம் வரியிலை, குடுத்தனீங்கள். பிழையானதைப் பிடிச்சு அந்தக் கறுப்பு ஜன்னலிலை, டெர்மினல் எண்டுறது, அதிலை வரி வரியாக் காட்டச் சொன்னனீங்கள். நான் கதவிடுக்காலை பாத்துக்கொண்டு தான் நிண்டனான். பிள்ளைக்கு வேர்வை எண்டு விசிறியைக் கூட்டப் போன சாட்டிலை. எழுத்து வருது, நிக்குது. வருது, நிக்குது. கோணேசர் கோயில் ஏத்தத்திலை பழைய ஓட்டோ ஒண்டு ஆறு பேரை ஏத்திக்கொண்டு போற மாதிரி. உங்கட மற்றவர், முகமில்லாதவர், கொட்டாவி விட்டது எனக்குக் கேட்டது. மைக்கை மூட மறந்திட்டார்.

அடுத்த நாள் சுஹைரா ரீச்சரிட்டைப் போனன். மூண்டு பின்னேரம் அவவின்ர மேசையிலை இருந்தனான், ஐம்பத்திரண்டு வயதிலை. கம்பியூட்டருக்குள்ளை நூறு வேலை ஒரேயடியா நடக்குதெண்டு தானே நாங்கள் நினைக்கிறம். எங்கட அந்தப் பழைய லப்டொப்பிலை வேலை செய்யிறது ரெண்டே ரெண்டு தலையாம், வரிசையிலை நிக்கிறது நூறாம். நடுவிலை ஒராள் நிண்டு, நீ கொஞ்சம் செய், போதும் தள்ளு, அடுத்தவர் வா எண்டு துண்டு துண்டா நேரம் பிரிச்சுக் குடுக்கிறாராம். அவ கீறி விளங்கப்படுத்த எனக்குச் சிரிப்பு அடக்கேலாமல் போச்சு. இதுக்கோ பட்டம் குடுக்கிறீங்கள்? முப்பது வருஷமா என்ர குசினி இப்பிடித்தானே ஓடுது. சோத்தை ஒருக்கால் பாக்கிறது, குழம்பை ஒருக்கால் கிண்டுறது, இடையிலை எங்கட வீட்டுக்காரர் சோமசேகரத்துக்கு பிளேன்ரீ. சாய்மனைக் கதிரையிலை கிடக்கிற அவருக்கு எல்லாம் தன்ரபாட்டிலை ஒண்டா நடக்கிற மாதிரித்தான் தெரியும். கத்திக் கேக்கிறவருக்கு முதலிலை போகும், அதையும் ரீச்சர் சொன்னவ. அதுக்கு நம்பரும் இருக்காம், நம்பர் குறையக் குறைய ஆள் முன்னுக்காம்.

நீங்கள் விட்ட பிழை இது தான். சமைக்கிறவள் வேற, பரிமாறுறவள் வேற. டெர்மினலும் ஒரு புரோகிராம் தானே? அதுவும் வரிசையிலை நிண்டு, தன்ர முறை வந்தால் தான் எழுத்தைக் கீற ஏலும். சாப்பாடு எப்பவோ ஆயத்தம், பரிமாறுறவளைக் குசினி வாசலிலை ஒராள் மறிச்சு வைச்சிருக்கிறான். பரிமாறினால் தானே சமைக்கிறவளுக்கும் அடுத்த சட்டிக்கு இடம் வரும். நீங்கள் வெறுங்கோப்பைக்கு முன்னாலை இருந்துகொண்டு சமைச்சவள் சோம்பேறி எண்டு எழுதுறீங்கள். நல்ல விருந்தாளி.

ஆதாரமோ? பிள்ளை நேரக் கணக்கையும் புரோகிராமிலை போட்டு வைச்சவள். எல்லா வரியும் வந்து முடியக் கடைசியிலை வரும். முழுசா எடுத்தது நாலரை நிமிஷம். அதிலை அவளின்ர புரோகிராம் மெய்யா வேலை செய்தது ரெண்டு செக்கன். ரெண்டு, தம்பி. மிச்சமெல்லாம் முறைக்குக் காத்து நிண்டது. நீங்கள் மூண்டாவது நிமிஷத்திலை நேரம் காணும் எண்டு மூடிப்போட்டீங்கள். உங்கட கணக்குக் கேக்கிற கொம்பனியிலை கடைசி வரி வாசிக்க ஒருத்தருக்கும் பொறுமை இல்லை.

வாசலிலை மறிச்சு நிண்டது ஆரோ? வாறன், வாறன். தண்ணி தெறிக்குது, இஞ்சாலை தள்ளி இருங்கோ. அந்தச் சேட்டுக்கு உப்புக்கறை பிடிச்சால் போகாது.

ரெண்டாவது இருக்கெல்லோ, முடிவெடுக்கத் தெரியாத பிள்ளை. அதை நான் மறக்கமாட்டன். உங்கட கடிதத்திலையே விபரம் இருக்கு. இடையிலை பிள்ளை இன்னொரு ஜன்னலைத் திறந்து, ஆர் மெஷினைத் திண்டுகொண்டு நிக்கிறான் எண்டு பாத்தவள். கண்டும் பிடிச்சவள். அடையாள நம்பர் நாலாயிரத்து நானூற்றுப் பதினேழு, ஒரு வீடியோ மாத்திற புரோகிராம். அதை நிப்பாட்டுற கட்டளையை எழுதினவள். எழுதிப்போட்டு, அழுத்தாமல், ஒவ்வொரு எழுத்தா அழிச்சவள். ஏன் நிப்பாட்டேல்லை எண்டு நீங்கள் கேக்க, சொறி எண்டு மட்டும் சொன்னவள். இதெல்லாம் நீங்கள் எழுதினது. நான் ஒரு சொல்லும் கூட்டேல்லை.

நிப்பாட்டாமல் கீழை இறக்கியிருக்கலாமோ? முறையைக் குறைச்சு விட்டால் அதுவும் ஓடும், இதுவும் ஓடும், அது தானே? ஓம், சுஹைரா ரீச்சரும் அதைத்தான் சொன்னவ. நல்ல யோசனை. லோஞ்சிலை காத்து வாங்கிக்கொண்டு இருக்க உங்களுக்கு வருது, எனக்கும் வருது. மூண்டு பேர் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு இருக்க, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்கு வரேல்லை. அதுக்கு நீங்கள் புள்ளி குறைச்சால் நான் ஒண்டும் கதைக்கமாட்டன். ஆனால் முடிவெடுக்கத் தெரியாதவள் எண்டு எழுதாதேங்கோ. அவள் எடுத்தது தான் முடிவு.

அவள் இப்ப என்ன செய்யிறாளோ? லப்டொப்பை அலுமாரிக்கு மேலை வைச்சிட்டாள். நேற்று உடுப்புக்கடை ஒண்டிலை ஆள் எடுக்கினமாம் எண்டு விண்ணப்பம் எழுதினவள், கையாலை. தேப்பன் ஒண்டும் கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை. நான் கேக்கிற மாதிரிக் கேட்டால் ஆர் பதில் சொல்லுறது?

வீடியோவை ஆர் போட்டதோ?

மூதூர்க் கரை தெரியுது பாருங்கோ.

நான் தான். வேற ஆர். அக்காவின்ர பேத்தியின்ர சாமத்திய வீடு, ஆறு மணித்தியாலம், ஆராத்தி எடுத்த ஒவ்வொரு பொம்பிளையின்ர சங்கிலியும் தெரியத்தக்கதா எடுத்தது. அக்காவின்ர மோன் சஞ்சீவன் கனடாவிலை. அவருக்குச் சின்னனாக்கி அனுப்ப வேணுமாம். அவர் தான் போனிலை சொல்லிக் குடுத்தவர், சித்தி, இந்தக் கட்டளையை இப்பிடி அடியுங்கோ, மைனஸ் இருபது எண்டு போடுங்கோ, எல்லாரையும் தள்ளிப்போட்டு அது முன்னுக்கு ஓடும் எண்டு. நான் கொன்வென்ற்றிலை ரைப்பிங்கிலை முதலாம் பிள்ளை. ஒரு எழுத்துப் பிழைக்காமல் அடிச்சனான். அடிச்சுப்போட்டு மற்ற மெஷின் ஏதும் இருக்கோ எண்டு யோசிச்சனானோ? இல்லை. இன்ரர்வியூ எண்டால் கதைக்கிறது தானே, கதைக்கிறதுக்கு மெஷின் எவ்வளவு வேணும் எண்டு நினைச்சனான்.

அதோடை விட்டிருந்தாலும் பரவாயில்லை. அண்டைக்குக் காலமை பத்து மணிக்கு அவள் லப்டொப்பை எடுக்க வர, நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிண்டு சொன்னனான், அது முடியுமட்டும் அதிலை கை வைச்சியோ, கையை முறிப்பன். இடையிலை நிண்டால் முதலிலையிருந்து திரும்ப ஓட வேணுமெல்லோ. வேறையொண்டுமில்லை, என்ர வாய் அப்பிடி. இந்த முக்கால் மணித்தியாலமா நீங்களும் கேட்டுக்கொண்டு தானே வாறீங்கள்.

அவளுக்கு நான் இதெல்லாம் விளங்கிக்கொண்டது தெரியாது. நீங்களும் சொல்லக் கூடாது. மெஷின் பிழை எண்டு எழுதுங்கோ, பொய்யில்லை. இன்னொரு நாள் குடுங்கோ. அண்டைக்கு அதிலை வேற ஒண்டும் ஓடாது. குசினியிலை மிக்ஸியும் போடமாட்டன்.

கயிறு எறியிறாங்கள். பையைப் பிடியுங்கோ தம்பி, நான் முதலிலை இறங்கிறன். கவனம், சாமான் இதுக்குள்ளை தான் கிடக்கு, அந்த வீடியோ, பென் டிரைவிலை. காலமை அவள் தான் லப்டொப்பை இறக்கி ஏத்தித் தந்தவள். முழுசாப் பாத்திட்டன் அம்மா, ஒரு இடத்திலையும் நிண்டு நிண்டு வரேல்லை எண்டவள்.