மழை கேட்ட உப்பளத்துக்காரி

2005 கோடையில், மரக்காணம் போகும் பேருந்தில் எனக்கு முன்னால் உப்பளத்தில் வேலை செய்யும் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். இளையவள் சொன்னதைக் கேட்டு நான் நிமிர்ந்தேன்.

“நல்ல மழையா பெய்யணும்னு வேண்டிக்கிட்டேன்க்கா.”

“அடிப்பாவி! உப்பு வார்ற நேரத்துல மழையா? எல்லாம் கரைஞ்சு போயிடும்டி.”

“போவட்டும். அந்தத் தகடு வந்ததுலேருந்து எங்க வூட்டுக்காரரு வூட்டுக்கே வர்றதில்ல.”

“எந்தத் தகடு?”

“வெயில்ல வச்சா செல்லுக்கு சார்ஜ் ஏறுமே, அது. கடலோரமாவே நடந்து வந்த வெள்ளக்காரன் ஒருத்தன் அளத்துக் கொட்டாயில தங்குனான். காவலுக்கு இருக்கற இவருகிட்ட இனாமா குடுத்துட்டுப் போயிட்டான். அங்க கரண்ட் இல்லியே, முன்னெல்லாம் சார்ஜ் போட பொழுது சாய வூட்டுக்கு வருவாரு. அப்படியே ஒக்காந்து சாப்புடுவாரு. இப்ப போன்லயே ‘சாப்ட்டியா’ன்னு கேட்டுட்டு வச்சிடறாரு.”

“சக்களத்தின்னு சொல்லு!” பெரியவள் சிரித்தாள். “கவுத்துப் போட்டுட்டு வாடி.”

“போட்டேன்க்கா. நிமித்தி வச்சு, தூசி வேற தொடைக்கிறாரு. என் மூஞ்சிய ஒரு நாளு தொடச்சிருப்பாரா?”

அளத்து நிறுத்தத்தில் சோற்றுத் தூக்குடன் அவள் இறங்கினாள். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

முகம் தெரியாத அந்தக் காவல்காரன்மேல் எனக்குப் பொறாமையாக இருந்தது. வேலை வேலை என்று வெளியூர்களிலேயே வருடங்களைக் கழித்தவன் நான். நான் வீடு திரும்ப வேண்டும் என்று என் மனைவி எதை வேண்டிக்கொண்டாள் என்பது எனக்குத் தெரியாது. அவள் இருந்தவரை நான் கேட்டதில்லை.